உருளைக்கிழங்கு போடாத இஸ்டூ

கிடர்பூர், கல்கத்தா
23 ஆகஸ்ட் 1998

என் மகள் தேவிக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பது நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும். வேலை மாறிப் பெங்களூர் போய் மூன்றாவது மாதம் நடக்கிறது. வந்தது ஒரே ஒரு இன்லண்ட் லெட்டர், அதிலும் பாதி காலி. அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் தபால்காரர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார், அதையாவது நினைத்துப் பார்.

போன் பண்ணச் சொல்கிறாய். முனையில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்தில் எனக்குப் பின்னால் நிற்கிறவர்கள் மீட்டரை ஒரு தரம், என் முகத்தை ஒரு தரம் பார்க்கிறார்கள். மகனைப் பறிகொடுத்தவளும் மருமகளும் பேசிக்கொள்ள அதுவா இடம்? இடது காது வேறு அடியோடு போய்விட்டது. நீ எழுது. படித்ததையே திரும்பப் படிக்கலாம், அது போனில் முடியுமா?

நேற்று இஸ்டூ வைத்தேன். இரண்டு நாள் மழை, சந்தில் தண்ணீர், வெளியே கால் வைக்க முடியவில்லை. மழை விட்டதும் கறிக்கடைக்குப் போனால் இக்பால் பாய் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். "மாஜி, ஆஜ் போங் பஹுத் அச்சா ஹை" என்றார், இன்றைக்குப் போங் ரொம்ப நன்றாக இருக்கிறதாம். போங் என்றால் மாட்டின் முன்னங்கால் சதை, இஸ்டூவுக்கு அதுதான் வேண்டும். எவ்வளவு என்று கேட்டார். என் வாய் தன்பாட்டுக்கு இரண்டு கிலோ என்று சொல்லிவிட்டது. உன் மாமா, விக்ரம், நீ, நான் என்று நாலு பேர் இருந்த காலத்து அளவு. அந்த மனுஷர் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது?

மத்தியானம் முழுக்கக் கொதித்தது. ஒரு தட்டு சாப்பிட்டேன். மாடியில் ஷெஃபாலி தீதி சாப்பிட மாட்டாள், ஆனால் வாசனை வந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். கசாப்புக்காரர் வீட்டுக்குக் கறி கொடுத்தனுப்பினால் ஊர் சிரிக்கும். ஆகவே இன்றைக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். இஸ்டூ மறுநாள்தான் ருசி என்று விக்ரம் சொல்வான். ருசி கூடிக்கொண்டே போகிறது, சாப்பிடத்தான் ஆள் இல்லை.

சந்தில் பிரேசில் கொடி இன்னும் தொங்குகிறது. உலகக் கோப்பை தோற்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. மழையில் சாயம் போய் வேட்டி மாதிரி ஆகிவிட்டது.

விரிவாக எழுது. என்ன சாப்பிடுகிறாய் என்பதையும் எழுது.

உன்மேல் மனக்குறையும் அன்பும் உள்ள
சுலோசனா அத்தை


அல்சூர், பெங்களூர்
6 செப்டம்பர் 1998

அன்புள்ள அத்தைக்கு,

தேவி வணக்கத்துடன் எழுதுகிறேன். இந்தத் தடவை கவரில் போடுகிறேன், காலி இடம் இருக்காது.

அறை மாடியில். கீழே வீட்டுக்காரர்கள் ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஆபீஸ் பக்கத்தில்தான், பஸ் பிடிக்க வேண்டாம். ஆட்கள் நல்ல மாதிரி. ஆனால் அத்தை, கிடர்பூரில் சந்து முழுக்க என்னை 'பௌதி, பௌதி' என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடும். வாத்து முட்டை விற்பவன்கூட எனக்குக் கொழுந்தன் மாதிரி உரிமையோடு சண்டை போடுவான். இங்கே நான் மேடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேடம். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை.

பிரெட், முட்டை, தயிர்சாதம். இதுதான் சாப்பாடு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, அதற்கும் முன்னால் பசி வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

எனக்கு இஸ்டூ வைக்கச் சொல்லித் தாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிட்டிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட நீங்கள் என்னை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. அங்கே லேக் மார்க்கெட்டில் என் பிறந்த வீட்டுக்குள் அமாவாசைக்கு வெங்காயம்கூட நுழையாது. உங்களை விட்டால் நான் யாரிடம் கேட்பேன்? விக்ரமைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கு அப்பா சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை. அவன் போன பிறகும் திறக்கவில்லை. போன மாதம் அம்மாவுக்கு எழுதினேன், அப்பா கையெழுத்தில் விலாசம் வெட்டித் திரும்பி வந்துவிட்டது.

சிவாஜி நகர் மார்க்கெட்டில் பெரிய கறி கிடைக்கும் என்கிறார்கள். இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு எழுதுங்கள். உங்கள் நாலு பேர் கணக்கு வேண்டாம்.

காதை டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள்.

அன்புடன்
தேவி


கிடர்பூர்
14 செப்டம்பர் 1998

என் அருமை தேவிக்கு,

கடிதம் கிடைத்தது. தடித்த கவரைப் பார்த்ததும் தபால்காரரே சிரித்தார். இப்படித்தான் எழுத வேண்டும்.

உன்னை அடுப்புப் பக்கம் விடாததற்குக் காரணம் கேள். பச்சைக் கறியை முழுசாகப் பார்த்தால் அருவருத்து ஓடிவிடுவாயோ என்று எனக்குப் பயம். வெந்து தட்டில் வந்ததை நீ சாப்பிட்டதே பெரிய காரியம். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாயே, விக்ரம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்துச் சிரிக்காதே சிரிக்காதே என்றான். இரண்டாவது தரம் நீயே கரண்டியை எடுத்தாய். அன்றைக்குத்தான் இவள் இந்த வீட்டில் இருப்பாள் என்று எனக்கு நிம்மதி வந்தது.

இரண்டு பேருக்கு என்கிறாயே, வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு கிண்ணமா? கேட்டைப் பூட்டுகிறவளுக்கு எலும்பைப் போடு போதும்.

இப்போது கவனி. முன்னங்கால் சதையாகப் பார்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வாங்கு. நரம்பும் ஜவ்வும் இருக்கட்டும், அதுதான் கரைந்து குழம்பாகும். கடைக்காரன் வெறும் சதையைக் காட்டி மயக்குவான், வேண்டாம் என்று சொல். எலுமிச்சை அளவுத் துண்டு. சின்னதாக வெட்டினால் கடைசியில் தேட வேண்டியிருக்கும். கழுவித் துணியால் ஈரம் போகத் துடை. மைதாவில் உப்பும் மிளகுப்பொடியும் கலந்து மேலே லேசாகத் தூவிப் புரட்டு.

அடி கனத்த பாத்திரம். எண்ணெய் நன்றாகக் காயட்டும். ஒரு தடவைக்கு நாலைந்து துண்டுக்கு மேல் போடாதே. கூட்டம் கூடினால் கறி வறுபடாது, தண்ணீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். எல்லாப் பக்கமும் சிவந்ததும் எடுத்து வைத்துவிட்டு அதே பாத்திரத்தில் பெரிய வெங்காயத்தை அரிந்து வதக்கு. பிறகு கறியைச் சேர்த்து, சுடுதண்ணீர் மூழ்கும் மட்டும் ஊற்று. பிரிஞ்சி இலை, ஒரு துண்டு பட்டை, முழு மிளகு, ஒரு கரண்டி வினிகர். மூடி, தீயைக் குறைத்துவிட்டு உன் வேலையைப் பார். இரண்டு மணி நேரம் கழித்துக் காரட், உருளைக்கிழங்கு. இன்னும் ஒரு மணி நேரம். உருளைக்கிழங்கு பாதி கரைய வேண்டும், அவன் அதைத்தான் பிரெட்டால் வழித்துச் சாப்பிடுவான்.

குக்கரில் வைத்தாய் என்று தெரிந்தால் கல்கத்தாவிலிருந்து வந்து காதைத் திருகுவேன்.

துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. காதைக் காட்டவில்லை. நீ இருந்தால் இழுத்துக்கொண்டு போவாய்.

அன்புள்ள அத்தை
சுலோசனா


அல்சூர்
28 செப்டம்பர் 1998

அன்புள்ள அத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். கெடுத்துவிட்டேன்.

எல்லாம் நீங்கள் எழுதினபடிதான். சிவாஜி நகரில் பாயிடம் வெறும் சதை வேண்டாம் என்று சண்டைகூடப் போட்டேன். கறியை வறுத்து எடுத்துப் பார்த்தால் பாத்திரத்தின் அடி முழுக்கப் பழுப்பாகப் பிடித்திருந்தது. தீய்ந்துபோய்விட்டது, இதில் வெங்காயத்தைப் போட்டால் எல்லாம் கருகல் நாற்றம் வரும் என்று பயந்து, நார் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுப் புதிதாக எண்ணெய் விட்டேன். எங்கள் அம்மா அப்படித்தான். அடி பிடித்த பாத்திரம் அடுப்பில் ஒரு நிமிஷம் இருக்காது. கடைசியில் மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் வெளுத்த தண்ணீரில் கறி மிதக்கிறது. வாசனை சுமார். ருசி ஆஸ்பத்திரிச் சாப்பாடு. எங்கே தப்பு செய்தேன்?

சாப்பிட வந்தவர் ஆபீசில் கூட வேலை செய்கிறவர், நல்ல மனிதர். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உருளைக்கிழங்கை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார், சர்க்கரை இருக்கிறதாம். மிளகும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி சிரமப்பட்டாராம். உருளைக்கிழங்குக்குப் பதில் என்ன போடலாம் அத்தை? மிளகு இல்லாமல் வைத்தால் நன்றாக இருக்குமா? அடுத்த ஞாயிறு மறுபடி வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

இங்கே பூஜை அல்சூர் ஏரிப் பக்கம் பெங்காலிகள் நடத்துகிறார்கள். போய் நின்று தாக் மேளம் அடிப்பதைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பெங்காலியில் எந்த ஊர் என்று கேட்டாள். கிடர்பூர் என்றேன். லேக் மார்க்கெட் என்று வாயில் வரவில்லை.

அன்புடன்
தேவி


கிடர்பூர்
5 அக்டோபர் 1998

தேவிக்கு,

பாத்திரத்தைக் கழுவினாயா! ஷெஃபாலி தீதிக்குப் பெங்காலியில் சொன்னேன், கறியே தொடாதவள்கூடத் தலையில் அடித்துக்கொண்டாள். பழுப்பாக ஒட்டியிருந்ததுதானே இஸ்டூ? ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. வெங்காயத்தைப் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் எல்லாம் எழும்பி வரும். நீ நார் போட்டுத் தேய்த்துச் சாக்கடைக்கு ஊற்றிவிட்டுக் கறியைக் குறை சொல்கிறாய். எழுதும்போது கழுவாதே என்று நான் எழுதவில்லைதான். மூச்சு விடு என்றும் எழுதவில்லை.

சிரித்தாகிவிட்டது. இப்போது கேட்கிறேன்.

உருளைக்கிழங்கைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த மனுஷனைப் பற்றி எழுது. எனக்குக் காதுதான் போயிருக்கிறது தேவி, கண் நன்றாக இருக்கிறது. ஆபீசில் கூட இருக்கிறவர் ராத்திரி வயிறு சரியில்லாமல் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாததை விட்டுவிட்டு என்ன போடலாம் என்று ஒரு பெண் கேட்கிறாள் என்றால், அவள் கேட்பது சமையலைப் பற்றி இல்லை. நானும் ஒரு காலத்தில் உன் மாமாவுக்குப் பல் வலி, என்ன சமைக்கலாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தவள்தான்.

அது விக்ரமுடைய இஸ்டூ. நான் வேறு யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. உனக்கு எழுதியது நீ அவனை நினைத்து வைக்கிறாய் என்றுதான். எனக்கு மனசு கொதிக்கிறது. இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

சுலோசனா


அல்சூர்
13 அக்டோபர் 1998

அன்புள்ள அத்தைக்கு,

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தை என்று போடாமல் வெறும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அதுதான் தாங்கவில்லை.

அவர் பெயர் நடராஜன். சேலம் பக்கம். ஆபீசில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். நாற்பது வயது. மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. அதிகம் பேச மாட்டார். ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியாவாக இருக்குமோ என்று பயந்துபோனேன். விக்ரமுக்கும் முதலில் வெறும் காய்ச்சல் என்றுதானே சொன்னோம். ரத்தப் பரிசோதனைக்கு அவர்தான் அழைத்துக்கொண்டு போனார். ரிப்போர்ட் வரும்வரை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விக்ரமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் கேட்கிறார். அவரிடம் விக்ரமைப் பற்றிப் பேசலாம் அத்தை, அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

பெரிய கறி அவருக்கு இதுதான் முதல் தடவை. நான் கெடுத்து வைத்த அந்த இஸ்டூவைச் சாப்பிட்டுவிட்டு, "உங்க அத்தை வச்சா எப்படி இருக்கும்?" என்றுதான் கேட்டார்.

ஜனவரியில் ரிஜிஸ்தர் ஆபீசில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். என் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை. நீங்கள் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிக் கேட்பது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. விக்ரமின் அம்மாவிடம் கேட்கிறேன் என்பது தெரிகிறது. ஆனால் எனக்கு அம்மா என்று இருப்பதும் நீங்கள்தான். அப்பா ஒரு கதவைச் சாத்தினார், பிழைத்துக்கொண்டேன். நீங்களும் சாத்தினால் எனக்குப் போக வேறு வீடு இல்லை.

நவம்பர் ஒன்பது, விக்ரமின் நினைவு நாளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மெட்ராஸ் போய்க் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். நீங்கள் சரி என்றால் அவரையும் அழைத்து வருகிறேன். நான் மட்டும் வந்தால் போதும் என்றால் தனியாக வருகிறேன். நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஒன்றும் எழுதாவிட்டால் நான் புரிந்துகொள்வேன்.

உங்கள் தேவி


அல்சூர்
12 நவம்பர் 1998

அன்புள்ள அத்தைக்கு,

தினமும் ஆபீசிலிருந்து வந்து கேட்டில் தொங்கும் டப்பாவைத் திறந்து பார்த்தேன். உங்கள் கடிதம் வரவில்லை. ஆறாம் தேதி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

ஒன்பதாம் தேதி லீவு போட்டிருந்தேன், அதை ரத்து செய்யவில்லை. காலையில் அல்சூர் சர்ச்சுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு ஜெபம் சொல்லத் தெரியாது. விக்ரம் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தேன். பக்கத்தில் நீங்கள் இருந்தால் என் தலையில் முக்காட்டை இழுத்து விட்டிருப்பீர்கள்.

பிறகு இஸ்டூ வைத்தேன். உருளைக்கிழங்கு, மிளகு எல்லாம் போட்டு, நீங்கள் எழுதினது எழுதினபடி. பாத்திரத்தைக் கழுவவில்லை. வெங்காயத்தைப் போட்டுத் தண்ணீர் தெளித்துச் சுரண்டினதும் கிடர்பூர் வீட்டு வாசனை வந்துவிட்டது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நடராஜனைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு வைத்தது விக்ரமுக்கு. தனியாகச் சாப்பிட்டேன். மிச்சத்தை இன்று வரை சாப்பிடுகிறேன். நாள் ஆக ஆக ருசி கூடுகிறது என்று அவன் சொன்னது சரிதான்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. கையெழுத்துக்கு ஆபீசில் யாரையாவது கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். காதை மட்டும் தயவுசெய்து காட்டிவிடுங்கள்.

தேவிப்ரியா


கிடர்பூர்
20 நவம்பர் 1998

என் மகள் தேவிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். வெறும் பெயர் போடும் வித்தையை உனக்குச் சொல்லித் தந்தவள் நான்தான், ஆகவே குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒன்பதாம் தேதி இங்கே நடந்ததைக் கேள். காலையில் சர்ச்சிலிருந்து ஐயர் வந்தார், சபையார் சிலர் வந்தார்கள், ஜெபம் முடிந்து டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போனதும் நான் அடுப்பை மூட்டினேன். வெங்காயம் இப்போது விற்கிற விலைக்கு இக்பால் பாய் கடையில் கறியே மலிவு. இருந்தாலும் குறைக்கவில்லை. உருளைக்கிழங்கு போடவில்லை. நூல்கோல் போட்டேன். மிளகு போடவில்லை, ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டேன். மேஜையில் மூன்று தட்டு வைத்தேன். யாருக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோரமண்டல் வரும் நேரம் தெரிந்து சந்து முனையில் போய் நின்றேன். டிராம் வந்தது, பஸ் வந்தது, டாக்சி வந்தது. ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். ரயில் தாமதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷெஃபாலி தீதி மாடியிலிருந்து, "தீதி, கேஉ ஆஷ்பே நாகி?" என்று கேட்டாள், யாராவது வருகிறார்களா என்று. வருவார்கள், என் மருமகள் வருவாள் என்றேன். விளக்கு வைத்த பிறகும் கேட்டாள். அப்போது காது கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வா என்று எழுதினால்தான் வருவாளா, இது இவள் வீடு இல்லையா என்று பாத்திரத்தோடு பேசினேன். எங்கள் ராணிப்பேட்டைப் பக்கத்தில் கல்யாணத்துக்குத்தான் வீடு தேடிப் போய்த் தட்டு வைத்துக் கூப்பிடுவோம். சாவுக்கும் நினைவு நாளுக்கும் யாரையும் கூப்பிட மாட்டோம். சொன்னால்தான் வருவேன் என்கிறவர் விருந்தாளி. சொல்லாமல் வந்து நிற்கிறவர் சொந்தம். நீ கேட்டதற்கு வா என்று நான் எழுதினால், உன்னை என் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துக் கூப்பிட்டது போல் ஆகிவிடும் என்று நினைத்தேன். பதில் எழுதவில்லை. வருவாள், கூப்பிடாமலேயே வருவாள், அந்த ஆளையும் இழுத்துக்கொண்டு வந்து நிற்பாள் என்று இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். உங்கள் வீட்டில் திவசச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காமல் யாரும் வந்து இலைமுன் உட்காரக் கூடாது, அது பெரிய தப்பு என்று. நான் மறந்துபோனேன். நீ உன் வீட்டு வழக்கப்படி அங்கே டப்பாவைத் திறந்து பார்த்தாய், நான் என் ஊர் வழக்கப்படி இங்கே தெருமுனையில் நின்றேன். நீயும் ஒரு பானை வைத்து நானும் ஒரு பானை வைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறோம்.

ஆனால் வழக்கத்தின் மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன் தேவி. உனக்கு இன்னொருவன் கிடைத்துவிட்டான், எனக்கு இன்னொரு மகன் எங்கிருந்து கிடைப்பான் என்று ஒரு நினைப்பு உள்ளே புகுந்துகொண்டு போக மாட்டேன் என்றது. நீ சந்தோஷமாக இருக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீயும் நானும் ஒரே ஆளுக்காக அழுகிறோம் என்பதுதான் எனக்கு இந்த ஊரில் இருந்த துணை. அதிலிருந்து நீ எழுந்து போகிறாய் என்று பயந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து விக்ரமைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அப்படி ஒருவர் கிடைத்தது நல்லதுதான்.

ஜனவரிக்கு நான் வர மாட்டேன். கால் வலி, ரயில் கூட்டம் என்று பொய் சொல்லப் போவதில்லை. வாழ்த்த எனக்கு மனசு இருக்கிறது. என் மகன் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்கத்தான் என்னால் ஆகாது. கையெழுத்துக்கு நீ சொன்னபடி ஆபீசில் கேள். என்னைக் கேட்டாயே, அது போதும். அன்றைக்குக் காலையில் இங்கே முழங்கால் போட்டு உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணுவேன்.

இப்போது உருளைக்கிழங்கு விஷயம். நூல்கோலைத் தோல் தடிப்பாகச் சீவிப் போடு, உள்ளே நார் இருக்கும். அது உருளைக்கிழங்கு போலக் கரையாது, குழம்பு நீர்த்துப் போகும். மைதாவைக் கூட்டிக் கெட்டியாக்காதே, சர்க்கரைக்காரருக்கு ஆகாது. வெங்காயத்தை இரண்டு பங்காகப் போட்டு நன்றாக வதக்கு, அதுவே கரைந்து கெட்டிப்படும். காரட்டும் அளவோடு. இஞ்சி ஒரு துண்டு போதும். பிரெட் வேண்டாம், கோதுமைச் சப்பாத்தி கொடு. நான் மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நம் இஸ்டூ மாதிரி இல்லை. ஆனால் நன்றாக இருக்கிறது. அது நடராஜனுடைய இஸ்டூவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

விக்ரமுடையதை வருஷத்துக்கு ஒரு தடவை நாம் வைத்துக்கொள்வோம். அடுத்த நவம்பர் ஒன்பதுக்கு உங்களை எதிர்பார்த்து அடுப்பை மூட்டுவேன். வா என்று கடிதம் வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்கள் இரண்டு பேரையும் நான் கூப்பிட மாட்டேன்.

உன் அத்தை
சுலோசனா